ஒரு நாளைக்குக் கால் சுற்று

நாயை நடக்கக் கூட்டிப் போகும்போது சங்கிலியை இடது கையில்தான் பிடிக்க வேண்டும். வலது கை சும்மா இருக்க வேண்டும். கேட்டைத் திறக்க, தெருநாய் பாய்ந்தால் கல்லெடுக்க, கால் இடறினால் சுவரைப் பிடிக்க. இது தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாய் இழுத்த இழுப்புக்கு ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கெல்லாம் எதற்கு நாய்?

எழுதிக்கொள்கிற அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் பேச்சை நீங்கள் நல்ல தமிழாக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. நான் சொல்லாததை மட்டும் சேர்க்கக் கூடாது. முடிந்ததும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். என் இடது பக்கம் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், வலது காது மந்தம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாள்களை எண்ணுவேன். முப்பத்தெட்டு வருடம் தண்ணீர் வாரியத்தில் இருந்தவன் நான். தாளில் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்வி. மாடி அம்மா வீட்டு பால்கனிக் கம்பி இற்றுப்போயிருந்தது எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையை யாரும் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்வார்கள். அதனால் நாயிலிருந்து சொல்கிறேன்.

என் வேலை, தெருவுக்கடியில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. குழாய்க்காரர் என்றுதான் என்னைச் சொல்வார்கள். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று காது. நீளமான இரும்புக் கம்பியின் ஒரு நுனியைக் குழாயில் ஊன்றி, மறு நுனியைக் காதில் வைத்தால், ஒழுகும் இடம் சீறும். நல்ல இரும்பு ஒரு மாதிரி பேசும், இற்றுப்போன இரும்பு ஒரு மாதிரி பேசும். இரண்டாவது வழி, ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்ப்பது. முதல் தெரு வால்வை மூடு. ஒழுகல் நின்றதா? இல்லையா? திற. அடுத்ததை மூடு. எதை மூடும்போது நிற்கிறதோ, குற்றம் அங்கே இருக்கிறது. இதில் யூகத்துக்கு இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. பெரிய வால்வை ஒரேயடியாக மூடக் கூடாது. ஓடி வருகிற தண்ணீர் முட்டிக்கொண்டு குழாயையே பிளந்துவிடும். கால் சுற்று சுற்ற வேண்டும், நிறுத்த வேண்டும், பிறகு இன்னொரு கால் சுற்று. பொறுமை இல்லாதவன் எங்கள் வேலைக்கு ஆக மாட்டான்.

மனைவி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. மகள் வெளியூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

"சாப்டீங்களாப்பா?"

"ம்."

"மாத்திரை?"

"ம்."

"சரி, வெச்சிடறேன்."

சில வாரங்களில் அந்த இரண்டு ம்-ஐத் தவிர நான் வேறு யாரோடும் பேசியிருக்க மாட்டேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பேசுகிறவர்களுக்கு ஏதாவது வேண்டியிருக்கும். வேண்டாதவர்கள் பேச மாட்டார்கள்.

நாய் மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில் வந்தது. பம்பிங் ஸ்டேஷன் சுவரோரம் நடுங்கிக்கொண்டு நின்றது. கறுப்பு நாய். காது மட்டும் பழுப்பு. யாருடையதும் இல்லை. நான் நடந்தேன், அது பின்னாலேயே வந்தது, அவ்வளவுதான். பெயர் வைக்கவில்லை. 'டேய்' என்றால் வரும். காலையில் அரை மணி, சாயங்காலம் ஒரு மணி நடப்போம். வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு என் காலடியில் படுத்துக்கொள்ளும். என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்ளும். அந்தக் கனம் இருந்தால்தான் எனக்குச் செய்தி கேட்கவே பிடிக்கும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அது நின்றுபோனது.

சாயங்காலம் நடந்துவிட்டு வந்தால் தண்ணீர்ப் பக்கம் போகாது. அறைக்கு நடுவில் உட்கார்ந்து கூரையைப் பார்க்கும். மேலே மொட்டை மாடி, ஆள் கிடையாது. பல்லி இல்லை, எலி இல்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துக் கூரையைப் பார்க்கும். பிறகு போய் வாசல் கதவைப் பார்த்து உட்காரும். தொண்டை அசைவதைப் பார்த்து முனகுகிறது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. நான் கையை நீட்டினால் ஒதுங்கும். என்னை, அந்த நாய்.

கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனேன். பாதம், காது, வயிறு எல்லாம் பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல பெரியவரே. வீட்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் எதையும் மாத்துற ஆள் இல்ல."

"அப்போ வெளியில ஏதோ பாக்குது. இல்லன்னா கேக்குது. நமக்குக் கேக்காததெல்லாம் அதுக்குக் கேக்கும்."

காது விஷயத்தை அவரிடம் யார் சொன்னது என்று யோசித்தேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து என் வழியில் ஆரம்பித்தேன். கழுத்துப் பட்டையை மாற்றி மூன்று நாள் பார்த்தேன். நிற்கவில்லை. பழைய பட்டையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டை மாற்றி மூன்று நாள். இல்லை. என் செருப்பை மாற்றினேன், நேரத்தை முன்னால் தள்ளினேன், சோப்பை மாற்றினேன். ஒன்றை மாற்றும்போது மற்றதைத் தொடக் கூடாது, அதுதான் முறை. கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷினில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்காது அவருக்கு.

"என்ன அண்ணே, இன்னிக்கு என்ன டெஸ்டு? நாய்க்கு வேட்டி கட்டிப் பாக்கறதுதான் பாக்கி."

"உம் வேலயப் பாரும்."

"எல்லா வால்வும் மூடிப் பாத்தீங்க, ஒண்ண விட்டுட்டீங்களே."

"எது?"

"நீங்கதான். ரெண்டு நாள் எங்கிட்ட விடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே கேட்பவர்கள்தான் கேட்டதைத் திருப்பித் தர மாட்டார்கள். நான் படி ஏறிவிட்டேன்.

கடைசியில் பாதையைப் பிடித்தேன். முன்னால் நாங்கள் போய்க்கொண்டிருந்த பெரிய தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டார்கள். நான்கு மாதமாக ஒரு குறுக்குச் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு துண்டை விட்டுவிட்டு நடந்தேன். அந்தச் சந்து வழியாகப் போகாத அன்றைக்கு நாய் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்தது. என் பாதத்தின் மேல் தாடையை வைத்தது. அன்றைக்கே அதோடு விட்டிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் இடையில் கேட்டார். எங்கள் வேலையில் ஒழுகும் தெருவைக் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

மறுநாள் சந்துக்குள் மெதுவாக நடந்தேன். மஞ்சள் பூச்சு அடித்த வீட்டுக்கு எதிரே வந்ததும் நாயின் காது இரண்டும் எழுந்தன. தலை மேலே போனது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, அந்த வீடு என் வலது பக்கம் இருக்கிறது. நான் திரும்பி நின்று, இடது காதில் கையைக் குவித்துக்கொண்டேன்.

"கடுகு... டேய் கடுகு..."

இரண்டாவது மாடி பால்கனியில் ஒரு வயதான அம்மா. பக்கத்தில் நாலுகால் வாக்கர். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா உங்களக் கூப்பிடறேன். நீங்க ஒரு நாளும் திரும்பலயே! கொஞ்சம் மேல வர முடியுமா?"

நாயைக் கேட்டில் கட்டிவிட்டு நான் மட்டும் ஏறினேன்.

சின்ன வீடு. ஒரு நாற்காலியில் மட்டும் உட்கார்ந்து தேய்ந்த அடையாளம் இருந்தது. அவர் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காலையில் ஒரு பெண் வந்து சமைத்துவைத்துவிட்டுப் போகும். கேட்காமலேயே எல்லாம் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் மழையில் நாயோடு நடக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாம். ஆம்புலன்சில் ஏற்றும்போது நாய் இழுத்த இழுப்பில் கயிறு அறுந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு படி இறங்கவே முடியவில்லையாம். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டைக் கயிற்றின் பாதியை எடுத்துக் காட்டினார்.

மறுபாதி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நாய் வந்த அன்று அதன் கழுத்தில் இருந்தது. ஒரு தகடும் இருந்தது, அதில் போன் நம்பர் இருந்தது. எழுத்து எனக்குத் தடுமாறும், எண் தடுமாறாது. வாழ்நாள் முழுக்க வால்வு நம்பர் படித்தவன். தகட்டைக் கழற்றி பம்பிங் ஸ்டேஷன் பள்ளத்தில் போட்டேன். யாருடையதும் இல்லை என்று முன்னால் சொன்னது அதற்குப் பிறகு உள்ள நிலவரத்தை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும்.

"நீங்க இல்லன்னா அது செத்தே போயிருக்கும்ணா. நல்லா வெச்சிருக்கீங்க. எங்கிட்ட திருப்பிக் குடுங்கன்னு சொல்ல மாட்டேன். நான் எங்க அதக் கூட்டிட்டு நடக்கப் போறேன்?"

"வேற என்ன வேணும்?"

"நடந்துட்டு இங்க வாங்களேன். ஒரு மணி நேரம் எங்கூட இருக்கட்டும். நீங்களும் உக்காருங்க. காபி போட்டுத் தரேன். நீங்களும் ஒண்டிதான, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"படி ஏற முடியாது அதால. பின்னங்கால் சரியில்ல, டாக்டர் ஏறக் கூடாதுன்னுட்டாரு."

நாய் என் வீட்டுப் படியை ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு மணி நேரம். நாளைக்கு மழை பெய்யும், ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்பார். அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் வரும், இரண்டு நாள் இருக்கட்டும் என்பார். ஒழுகல் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும், ஊசி முனை அளவில். என்னை அண்ணா என்றார். எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை.

"பரவால்ல, கீழயாவது நிறுத்துங்க. இங்கேர்ந்து பாத்துக்கறேன்" என்றார். பால்கனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். "இந்தக் கம்பி லேசா ஆடுது. வெல்டிங் ஆள வரச் சொல்லியிருக்கேன், வியாழக்கிழம வரான்."

நான் சாவியை எடுத்துக் கம்பியைத் தட்டி, இடது காதை அதில் வைத்தேன். பழக்கம்.

அவர் சிரித்தார். "என்ன, டாக்டர் மாதிரி காது வெச்சுப் பாக்கறீங்க? உசுரு இருக்கா?"

நல்ல கம்பி என்றால் சத்தம் நீளமாக ஓடித் திரும்பி வரும். இது சுவருக்குள் போகும் இடத்தில் சத்தத்தை முழுங்கிவிட்டது. இரண்டு முனையிலும். அங்கே இரும்பு இல்லை, இரும்பு இருந்த இடத்தில் துரு நின்றுகொண்டிருந்தது.

"இருக்கு" என்றேன். "நம்ம ரெண்டு பேர விடவும் இருக்கும். மேல் பூச்சுதான் ஆடுது. வெல்டிங்காரன் வந்தா இருக்கறத அறுத்துட்டுப் புதுசு போடச் சொல்லுவான், அவனுக்கு அதான் பொழப்பு. வேண்டாம்னு சொல்லிடுங்க."

"நீங்க சொன்னா சரிண்ணா. இரும்போட பழகினவரு."

வால்வில் கை வைத்தாகிவிட்டது. இனி அவசரப்படக் கூடாது.

அந்தச் சந்து பன்னிரண்டு அடி அகலம், என் அடியில். முதல் நாள் நாயை எதிர்ச் சுவரோரம் நிறுத்தினேன். அங்கே நின்றால் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நாய் வாலை ஆட்டியது, அவர் பேசினார், என்ன பேசினார் என்று நான் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் நின்றோம். மறுநாள் ஓர் அடி இந்தப் பக்கம். அதற்கு மறுநாள் இன்னோர் அடி. ஒரு நாளைக்குக் கால் சுற்று. ஐந்தாம் நாள் அவர் எழுந்து நின்று பார்க்க வேண்டியிருந்தது. எட்டாம் நாள் வாக்கரை விட்டுவிட்டுக் கம்பியில் வயிற்றை வைத்தார். "கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேண்ணா, காது மட்டும்தான் தெரியுது" என்றார். எனக்குக் கேட்டது. அன்றைக்கு என் இடது பக்கம் அந்த வீட்டைப் பார்த்து இருந்தது. மறுநாளிலிருந்து வலது பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டேன்.

பத்தாம் நாள் சமையல்காரப் பெண்ணிடம் எனக்காக ஒரு டப்பாவில் பிஸ்கட் கொடுத்து கேட்டில் வைக்கச் சொல்லியிருந்தார். நாய்க்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா. இரண்டையும் சாக்கடையில் போட்டேன். என்ன கலந்திருக்கிறதோ.

பதினோராம் நாள் நாயைச் சுவரை ஒட்டி, பால்கனிக்கு நேர் கீழே நிறுத்தினேன். சங்கிலியைக் கையில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டேன், அது வெளியே நகராமலிருக்க. நான் மட்டும் ஓர் அடி தள்ளி நின்றேன். தேவைப்படும்போது நாயை ஓர் இழுப்பில் என் பக்கம் கொண்டுவர அந்த ஓர் அடி போதும். நாய் மேலே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. பொடிப் பொடியாகச் சிவப்புத் துரு என் சட்டையில் விழுந்தது. நான் இழுத்தேன். நாய்க்கு ஒரு கீறல்கூடப் படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கீழே கிடந்த அவர் கண் திறந்திருந்தது. கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டீர்கள். உதடு அசைந்தது. என் வலது பக்கம் அவர் பக்கம் இருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

நாய் போய் அவர் கையடியில் படுத்துக்கொண்டது. கூப்பிட்டேன், வரவில்லை. பன்னிரண்டு கிலோ. இடது கையில் சங்கிலி, வலது கையால் வாரித் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு கை சும்மா இருக்க வேண்டும் என்று அதனால்தான் சொன்னேன். சந்தின் முனை திரும்பும் வரை யாரும் வரவில்லை. யாரையும் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூடிய வால்வின் பக்கத்தில் நின்று யாரும் கூட்டம் கூட்ட மாட்டார்கள்.

எட்டு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வெல்டிங்காரன் சொல்லிவிட்டானாம், குழாய்க்காரர் ஒருவர் கம்பி தாங்கும் என்றதால்தான் அந்த அம்மா வேண்டாம் என்றார்கள் என்று. நான் மறுக்கவில்லை. ஆம், தெரியும். இரண்டு முனையும் இற்றுப்போனது தெரியும். எவ்வளவு எடை வைத்தால் விடும் என்பதும் ஏறக்குறையத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன். இது என் பதில். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை.

ஆனால் நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் பேசினேன். அந்த வால்வை மூடிய பிறகும் ஒழுகல் நிற்கவில்லை. அந்த எட்டு நாளும் நாய் தண்ணீர் குடிக்கவில்லை, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூரையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டது. வாசல் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. நான் ஒரு பக்கம் நகர்ந்தால் அது மறுபக்கம் நகர்ந்தது. சந்துப் பக்கமே போகவில்லை, பள்ளம் மூடிய பழைய தெருவைத்தான் பிடித்தேன், அப்போதும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து மூடிப் பார்த்தேன். பட்டை, சாப்பாடு, செருப்பு, நேரம், சோப்பு. மிச்சம் எதுவும் இல்லை.

என்னை இங்கே கொண்டுவந்த அன்று நாயைத் தையல்காரர் வைத்துக்கொண்டார். நேற்று என்னைப் பார்க்க வந்திருந்தார். அவர் வாயில் அன்றைக்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் இல்லை.

"முத நாளே தண்ணி குடிச்சிடுச்சுண்ணே. நல்லா சாப்பிடுது. நடந்துட்டு வந்தா பேசாமப் படுத்துக்குது. ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அதே பட்டை, அதே தெரு, அதே நேரம். எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்கிறார். மாற்றாமல் எப்படி நிற்கும்? முப்பத்தெட்டு வருடம் இதே வேலை பார்த்தவனிடம் சொல்கிறார். அவர் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார் ஐயா. என் விஷயம் முடிந்துவிட்டது, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நீங்கள் அந்த ஆளை விசாரியுங்கள்.